பவர்பாயின்ட் மேக்ரோவின் தடைகளைத் தாண்டுவது எப்படி: ஒரு வினாடி வினா ஃபைலை வைத்து முழுமையான வழிகாட்டி

எக்செலில் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிப் பழகியவர்கள் பவர்பாயின்டுக்கு வந்ததும் திகைத்துப் போவார்கள். செய்வதைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் இங்கே இல்லை. ஃபைலைத் திறந்ததும் தானாக ஓடும் மேக்ரோ இல்லை. குறித்த நேரத்தில் ஓடவைக்கும் ஆன்டைம் இல்லை, திரையை நிறுத்திவைக்கும் ஸ்க்ரீன்அப்டேட்டிங்கும் இல்லை. மேக்ரோ எழுதும் மொழி அதே வி.பி.ஏ. தான். சுற்றியிருக்கும் வசதிகள்தான் வேறு.

இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி இருக்கிறது. புதிதாக வருபவர்கள் எழுதிய ஃபைல்களைத் திருத்திக் கொடுத்ததில் நான் பார்த்தவரை, கோளாறுகளில் பெரும்பங்கு ஒரே நம்பிக்கையிலிருந்து வருகிறது: மேக்ரோ தன் வேரியபிளில் (மதிப்பைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தில்) வைத்தது ஸ்லைடு ஷோ முடியும்வரை பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை. அது இருக்காது. நினைவில் வைக்க வேண்டியதை ஸ்லைடிலும், ஷேப்பிலும் (ஸ்லைடில் வைக்கும் பட்டன், பெட்டி போன்றவை), ஃபைலிலும் எழுதிவைப்பதுதான் கீழே வரும் எல்லா வழிகளுக்கும் அடித்தளம்.

உதாரணத்துக்கு ஒரு வினாடி வினா ஃபைலை எடுத்துக்கொள்வோம். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை பட்டன்கள், மேலே மதிப்பெண், கேள்விக்கு 30 வினாடி கெடு. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்து கன்ட்ரோல் + ஸ்பேஸ் அழுத்தினால் முழுப் பெயரும் பட்டியலில் வந்துவிடும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கணினியில் நிறுவிய பவர்பாயின்ட் வேண்டும். பிரவுசரில் திறக்கும் பதிப்பும் மொபைல் செயலியும் மேக்ரோவை ஓட்டாது. மேக் கணினியில் மேக்ரோ ஓடும். ஆனால் அங்கே ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் இல்லை, யூசர்ஃபார்மை (நாமே அமைக்கும் உரையாடல் பெட்டியை) வடிவமைக்க எடிட்டரில் வழியில்லை, விண்டோஸின் உள்வசதிகளை நேரே அழைக்கும் ஏபிஐ அழைப்புகளும் வேலை செய்யாது. உங்கள் ஃபைல் எங்கே ஓடப்போகிறது என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு தெரிந்தால் பாதியை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

ஒரு வரி எழுதும் முன்பே ஃபைலை பிபிடிஎம் வகையில் சேமியுங்கள். பிபிடிஎக்ஸ் வகையில் மேக்ரோ தங்காது. சேமிக்கும்போது எச்சரிக்கை வரத்தான் செய்கிறது; அவசரத்தில் ‘ஆம்’ கொடுத்துவிட்டு மறுநாள் நிரலைத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடிட்டரை ஆல்ட் + எஃப்11 அழுத்தித் திறந்து, டூல்ஸ் மெனுவின் ஆப்ஷன்ஸில் ‘ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்’ பெட்டியில் டிக் செய்யுங்கள். புதிய மாட்யூல் (நிரல் எழுதும் பக்கம்) ஒவ்வொன்றின் தலையிலும் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் என்ற வரி தானாக வரும். அது இல்லாவிட்டால் ஓர் எழுத்து பிசகிய பெயரும் புது வேரியபிளாகி வெறுமையாக நிற்கும். மதிப்பெண் ஏன் ஏறவில்லை என்று ஒரு மணி நேரம் தேடுவீர்கள்.

இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த ஃபைல் என்றால் மேக்ரோ தடுக்கப்பட்டிருக்கும். 2022 முதல் ஆஃபீஸில் இதுவே இயல்பு. ஃபைலை மூடி, அதன் ப்ராபர்ட்டீஸில் ஜெனரல் டேபின் அடியிலுள்ள ‘அன்பிளாக்’ பெட்டியை டிக் செய்து மறுபடி திறக்க வேண்டும். நம்பகமான இடமாகக் குறித்த ஃபோல்டரில் வைத்தாலும் சரி.

2. மேக்ரோ இல்லாமல் முடிவதைத் தனியே பிரியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஸ்லைடுக்கு ஸ்லைடு தாவ ஹைப்பர்லிங்க் போதும். ஒரு பட்டனைத் தொட்டதும் வேறொரு ஷேப் தோன்ற அனிமேஷனில் ட்ரிகர் இருக்கிறது. எல்லா ஸ்லைடிலும் வர வேண்டிய படத்துக்கு ஸ்லைடு மாஸ்டர் இருக்கிறது. இவை பெரும்பாலும் பிரவுசரிலும் மொபைலிலும்கூட வேலை செய்பவை.

நம் வினாடி வினாவில் மேக்ரோ கட்டாயம் வேண்டியது மூன்றுக்குத்தான்: மதிப்பெண்ணைக் கூட்டுவது, அதைத் திரையில் காட்டுவது, அடுத்த ஆட்டத்துக்கு எல்லாவற்றையும் துடைப்பது. 30 வினாடிக் கெடுவுக்குக்கூடத் தேவையில்லை. 9-ஆம் படியில் சொல்கிறேன்.

கூடவே ‘செட் அப் ஸ்லைடு ஷோ’வில் கியோஸ்க் முறையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண முறையில் பட்டனுக்கு வெளியே எங்கே க்ளிக் செய்தாலும் ஷோ அடுத்த ஸ்லைடுக்கு நகர்ந்துவிடும். விடை சொல்லாமலே கேள்வி கடந்துபோகும். கியோஸ்க் முறையில் பட்டன்கள் மட்டும் வேலை செய்யும், எஸ்கேப் விசை ஷோவை முடிக்கும்.

3. நிரலுக்கு முன் பெயர் வையுங்கள்

ஆல்ட் + எஃப்10 அழுத்தினால் செலக்ஷன் பேன் திறக்கும். பவர்பாயின்ட் தானாக வைத்த ‘ரெக்டாங்கிள் 5’ போன்ற பெயர்களை அங்கே மாற்றுங்கள். சரியான விடைக்கு ‘ரைட்’, மற்றவற்றுக்கு ‘ராங்1’, ‘ராங்2’, ‘ராங்3’, மதிப்பெண் பெட்டிக்கு ‘ஸ்கோர்’ என்று வைத்துக்கொள்வோம். இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். காரணம் 11-ஆம் படியில்.

ஷேப்பை எண்ணால் பிடிப்பது ஆபத்து. மூன்றாவது ஷேப் என்று எழுதியிருப்பீர்கள். யாராவது ஒரு ஷேப்பைப் பின்னால் தள்ளினால் வரிசை மாறி, மூன்றாவது வேறொன்றாகிவிடும். பெயர் அப்படி மாறாது.

ஒரு கேள்வி ஸ்லைடை முழுதாக முடித்த பிறகே அதை டூப்ளிகேட் செய்யுங்கள். பெயர்களும் பட்டனில் இணைத்த மேக்ரோவும் நகலோடு வரும். பத்தையும் முதலில் உருவாக்கிவிட்டுப் பெயர் வைக்கத் தொடங்கினால் ஐம்பது ஷேப்புகளைத் தனித்தனியே தொட வேண்டும்.

ஸ்லைடுக்கும் இதே சிக்கல் உண்டு. ஸ்லைடுஇன்டெக்ஸ் என்பது வரிசை எண். ஸ்லைடை இழுத்து இடம் மாற்றினால் அதுவும் மாறும். ஸ்லைடுஐடி நிலையானது. ஒரு குறிப்பிட்ட ஸ்லைடுக்குத் தாவ வேண்டுமென்றால் அதன் ஐடியைக் குறித்துவைத்து ஃபைன்ட்பைஸ்லைடுஐடி மூலம் கண்டுபிடித்து, அப்போதைய இன்டெக்ஸைக் கேளுங்கள். ஐடி 256-இலிருந்து தொடங்கும். பெரிய எண்ணைப் பார்த்துப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

4. ரெக்கார்டர் இல்லாமல் கட்டளையைக் கண்டுபிடியுங்கள்

2003 பதிப்புவரை பவர்பாயின்டிலும் ரெக்கார்டர் இருந்தது, 2007-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் எந்தக் கட்டளை என்று தெரியாதபோது மூன்று இடங்களில் தேடலாம்.

முதலாவது இம்மீடியட் விண்டோ. எடிட்டரில் கன்ட்ரோல் + ஜி அழுத்தினால் வரும். ஸ்லைடில் ஒரு ஷேப்பைக் கையால் தேர்ந்தெடுத்து, அங்கே கேள்விக்குறி போட்டு ஆக்டிவ்விண்டோ, செலக்ஷன், ஷேப்ரேஞ்ச் என்று புள்ளி வைத்துக் கோத்து, கடைசியில் லெஃப்ட் என்று கேளுங்கள். ஷேப்பின் இடம் எண்ணாக வரும். கையால் நகர்த்திவிட்டு மறுபடி கேட்டால் எந்தப் பண்பு எவ்வளவு மாறியது என்று தெரிந்துவிடும். அளவு பாயின்டில் வரும்: ஓர் அங்குலத்துக்கு 72. அகலத்திரை ஸ்லைடு 960-க்கு 540 பாயின்ட்.

இரண்டாவது, எக்செலின் ரெக்கார்டர். ஷேப்பின் நிறம், கோடு, நிழல் ஆகியவற்றைக் கையாளும் பகுதி இரண்டு செயலிகளுக்கும் ஏறக்குறைய பொது. எக்செலில் ஒரு ஷேப்பை நிறம் மாற்றிப் பதிவு செய்து, ஃபில், லைன் என்று தொடங்கும் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள செலக்ஷன் பகுதியை நகலெடுக்காதீர்கள். ஏன் என்று 7-ஆம் படியில் பார்ப்போம்.

மூன்றாவது, எஃப்2 விசையில் திறக்கும் ஆப்ஜெக்ட் ப்ரௌசர்.

5. எல்லாப் பட்டனுக்கும் ஒரே மேக்ரோ

பட்டனைத் தேர்ந்தெடுத்து இன்செர்ட் டேபில் ஆக்ஷன், அதில் ‘ரன் மேக்ரோ’ என்று போனால் மேக்ரோவை இணைக்கலாம். இங்கே பலர் நாற்பது பட்டனுக்கு நாற்பது மேக்ரோ எழுதுகிறார்கள். தேவையே இல்லை.

மேக்ரோவை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் ஷேப் வகையில் ஓர் ஆர்க்யூமென்ட் (மேக்ரோவுக்கு வெளியிலிருந்து வரும் மதிப்பு) வையுங்கள். ஷோவில் எந்த ஷேப் க்ளிக் ஆனதோ, அதையே பவர்பாயின்ட் மேக்ரோவின் கையில் கொடுத்துவிடும். அதன் பெயரைக் கேட்டு, ‘ரைட்’ என்றால் மதிப்பெண் கூட்டு, இல்லையென்றால் நிறத்தை மட்டும் மாற்று என்று எழுதினால் போதும். நாற்பது பட்டனுக்கும் இதே ஒன்று.

இன்னொரு பெரிய பயனும் உண்டு. க்ளிக் ஆன ஷேப்பின் பேரன்ட் (அதைத் தாங்கியிருப்பது) அது இருக்கும் ஸ்லைடு. ஸ்லைடின் பேரன்ட் அந்தப் பிரசன்டேஷன். இப்படி ஷேப்பிலிருந்து மேலே ஏறினால் எப்போதும் சரியான ஃபைலில்தான் இருப்பீர்கள். பக்கத்தில் இன்னொரு பிரசன்டேஷன் திறந்திருக்கும்போது ஆக்டிவ்பிரசன்டேஷன் (அப்போது முன்னால் இருக்கும் பிரசன்டேஷன்) என்று எழுதிய மேக்ரோ மற்ற ஃபைலைப் போய்த் தொட்டுவிடக்கூடும்.

இந்தப் படியில் வழக்கமாக நேரும் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆர்க்யூமென்ட் உள்ள மேக்ரோ ஆல்ட் + எஃப்8 பட்டியலில் தெரியாமல் போகும்; அது பிழையல்ல, ஆக்ஷன் பெட்டியில் போய்ப் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் அடைப்புக்குறியைத் தற்காலிகமாகக் காலியாக்கி, பட்டனை இணைத்த பிறகு மறுபடி சேருங்கள். மேக்ரோ ஸ்டாண்டர்ட் மாட்யூலில் இருக்க வேண்டும், ப்ரைவேட் என்று குறித்திருக்கக் கூடாது. மாட்யூலுக்கும் மேக்ரோவுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். எது எதைக் குறிக்கிறது என்று குழம்பிப் பட்டன் செத்துக் கிடக்கும்.

பட்டனின் எழுத்தைத் தேர்ந்தெடுத்து இணைத்தால் மேக்ரோ எழுத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். பட்டனின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள். லேயவுட்டில் வைத்த பட்டனுக்குப் பேரன்ட் அந்த லேயவுட்தான், கண்ணெதிரே இருக்கும் ஸ்லைடு அல்ல. அதனால் விடைப் பட்டன்களை ஸ்லைடிலேயே வையுங்கள்.

6. மதிப்பெண்ணை வேரியபிளில் வைக்காதீர்கள்

மாட்யூலின் தலையில் ஒரு பப்ளிக் வேரியபிள் அறிவித்து அதில் மதிப்பெண்ணைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நிகழ்ச்சியில் ஏழாவது கேள்வியில் சின்னப் பிழையொன்று வந்து பெட்டி திறந்தது. நான் ‘எண்ட்’ அழுத்தினேன். ஷோ தொடர்ந்தது, ஆனால் மதிப்பெண் பூஜ்யமாகிவிட்டது. ஆறு கேள்விகளுக்குச் சரியாகச் சொன்ன அணிக்கு அதைக் கையால் எண்ணிச் சொல்ல வேண்டியதாயிற்று. எண்ட் என்பது மாட்யூல் அளவிலான எல்லா வேரியபிளையும் அழித்துவிடும். எடிட்டரின் ரீசெட்டும் அதையேதான் செய்யும்.

இதற்கு மாற்று டேக்ஸ். பிரசன்டேஷன், ஸ்லைடு, ஷேப் மூன்றுக்கும் பெயரும் மதிப்புமாக எத்தனை குறிப்பு வேண்டுமானாலும் ஒட்டிவைக்கலாம். திரையில் தெரியாது. பிழை வந்தாலும் அழியாது. ஃபைலைச் சேமித்தால் அதோடு சேர்ந்தே இருக்கும்.

பயன்படுத்தும் முறை இது: பிரசன்டேஷனின் டேக்ஸில் ‘ஸ்கோர்’ என்பதைப் படி, எண்ணாக்கு, ஒன்று கூட்டு, டேக்ஸ் ஆட் மூலம் அதே பெயரில் திரும்ப எழுது. எண்ணாக்க வால் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். டேக் இல்லாவிட்டால் பிழை வராது, வெற்றுச் சரம்தான் வரும். வால் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். சிஎல்என்ஜி என்றால் ‘டைப் மிஸ்மேட்ச்’ என்று அங்கேயே நின்றுவிடும். டேக் பெயர்கள் பெரிய எழுத்தாகச் சேமிக்கப்படும் என்பதையும் மனத்தில் வையுங்கள்; லூப்பில் (திரும்பத் திரும்பச் சுற்றும் நிரல் பகுதியில்) பெயரை ஒப்பிடும்போது அங்கேதான் தடுக்கும்.

அடுத்து, ஆர்வத்தில் ஒரே பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு மதிப்பெண் ஏறும். கேள்வி ஸ்லைடின் டேக்ஸில் ‘டன்’ என்று ஒன்றை எழுதுங்கள். மேக்ரோவின் முதல் வேலை அதைப் பார்ப்பது. இருந்தால் உடனே வெளியேறு. இந்தக் குறிப்பை மதிப்பெண் கூட்டும் வரிக்கு முன்பே எழுதிவிட வேண்டும், இல்லையேல் இடையில் வரும் இரண்டாவது க்ளிக் தப்பிவிடும்.

மதிப்பெண்ணைக் காட்ட, அந்த ஸ்லைடின் ‘ஸ்கோர்’ ஷேப்பில் எழுத்தை மாற்றுங்கள். சில சமயம் எழுத்து மாறியும் திரை பழையதையே காட்டும். அப்போது ஸ்லைடுஷோ வியூவின் கோடுஸ்லைடு கட்டளையால் அதே ஸ்லைடுக்கே போகச் சொல்லுங்கள். அதன் இரண்டாவது ஆர்க்யூமென்ட் ரீசெட்ஸ்லைடு. அதற்கு எம்எஸ்ஓஃபால்ஸ் (‘இல்லை’ என்ற மதிப்பு) கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அனிமேஷன் முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

டேக்கும் எழுத்தும் நிறமும் ஷோ முடிந்த பிறகும் ஃபைலில் அப்படியே இருக்கும். ஆகவே துடைக்கும் மேக்ரோ ஒன்று கட்டாயம்: எல்லா ஸ்லைடிலும் ‘டன்’ டேக்கை நீக்கி, பட்டன்களின் நிறத்தைத் திருப்பி, ஸ்கோரைப் பூஜ்யமாக்க வேண்டும். இதை ஷோவின் முடிவில் வைக்காமல் தொடக்கத்தில் வையுங்கள். யாராவது நடுவில் எஸ்கேப் அழுத்தினால் முடிவு வரவே வராது. மூடும்போது ‘சேமிக்கவா’ என்ற கேள்வி வருவது தொந்தரவாக இருந்தால் பிரசன்டேஷனின் சேவ்டு பண்பை எம்எஸ்ஓட்ரூ ஆக்கிவிடலாம்.

7. செலக்ஷனை மறந்துவிடுங்கள்

எக்செலில் தேர்ந்தெடு, பிறகு மாற்று என்று எழுதினாலும் வேலை நடக்கும். பவர்பாயின்டில் அது எடிட்டிங் விண்டோவில், சரியான பேன் முன்னால் இருக்கும்போது மட்டும்தான். ஸ்லைடு ஷோவில் தேர்வு என்ற ஒன்றே கிடையாது. செலக்ஷன் என்ற சொல் வந்த வரியில் மேக்ரோ நின்றுவிடும்.

ஸ்லைடு, ஷேப் இரண்டையும் ஆப்ஜெக்ட் வேரியபிளில் பிடித்து நேராக மாற்றுங்கள். எழுத்தைத் தொடும் முன் ஹேஸ்டெக்ஸ்ட்ஃப்ரேமையும், ப்ளேஸ்ஹோல்டரின் வகையைக் கேட்கும் முன் ஷேப்பின் டைப்பையும் சரிபாருங்கள். படமும் கோடும் கலந்த ஸ்லைடில் இந்தச் சோதனை இல்லாத லூப் பாதியில் முறியும்.

ஷேப்புகளை நீக்கும் லூப்பைக் கடைசியிலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி ஓட்டுங்கள். முன்னோக்கி ஓட்டினால், இரண்டாவதை நீக்கியதும் மூன்றாவது அந்த இடத்துக்கு வந்துவிடும். லூப் அதைப் பார்க்காமலே தாண்டிப்போகும்.

8. திறந்ததும் ஓட வேண்டியதற்கு வழி

ஆட்டோஓப்பன் என்ற பெயரில் மேக்ரோ எழுதிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்காதவர்களே இல்லை. அது பவர்பாயின்டோடு சேர்த்துவைக்கும் ஆட்இன் ஃபைலில், அதாவது பிபிஏஎம் வகையில் மட்டும்தான் ஓடும். பிபிடிஎம் ஃபைலைத் திறந்தால் ஓடாது.

வினாடி வினாவுக்கு நான் எப்போதும் சொல்வது முதல் ஸ்லைடில் ‘தொடங்கு’ பட்டன். துடைக்கும் மேக்ரோவை அதனோடு இணையுங்கள். துடைத்துவிட்டு அதுவே முதல் கேள்விக்கு அழைத்துப்போகட்டும். ஷோவைத் திரும்பத் திரும்ப நடத்தும்போது ஒவ்வொரு முறையும் துடைப்பது இதுதான். திறந்ததும் ஓடும் மேக்ரோ ஒரே ஒருமுறைதான் ஓடும்.

நிஜமாகவே திறந்ததும் ஓட வேண்டுமென்றால் ரிப்பன் எக்ஸ்எம்எல் வழி இருக்கிறது. ஃபைலுக்குள் ஒரு கஸ்டம்யூஐ பகுதியைச் சேர்த்து அதன் ஆன்லோடில் உங்கள் மேக்ரோவின் பெயரைக் கொடுத்தால், ரிப்பன் ஏறும்போது அது ஓடும். ஆஃபீஸ் ரிப்பன்எக்ஸ் எடிட்டர் என்ற இலவசக் கருவி இதற்கு உதவும். ஃபைலை பவர்பாயின்டில் மூடிவிட்டுத்தான் அதில் திறக்க வேண்டும்.

ஸ்லைடு மாறும்போது ஓட வேண்டியதற்கு, ஸ்டாண்டர்ட் மாட்யூலில் ஆன்ஸ்லைடுஷோபேஜ்சேஞ்ச் என்ற பெயரில் மேக்ரோ எழுதலாம். நிரல் இன்னும் ஏறாத நிலையில் இது ஓடாமல் போவதுண்டு. தொடங்கு பட்டன் முன்பே நிரலை எழுப்பிவிடுவதால் அந்தச் சிக்கல் குறைகிறது. வித்ஈவென்ட்ஸ் என்ற சொல்லால் அறிவித்த கிளாஸ் மாட்யூல் (தனி வகை மாட்யூல்) இன்னும் பல நிகழ்வுகளைப் பிடிக்கும். ஆனால் அதைத் தாங்குவதும் ஒரு வேரியபிள்தான். பிழைப் பெட்டியில் ஒருமுறை எண்ட் அழுத்தினால் நிகழ்வுகள் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

9. நேரக் கெடு

முதல் வழி மேக்ரோவே இல்லாதது. ஒரு நீளப் பட்டையை வரைந்து, 30 வினாடி நீளும் வைப் வெளியேற்ற அனிமேஷனை ‘வித் ப்ரீவியஸ்’ என்று கொடுங்கள். ட்ரான்சிஷன் டேபில் ‘ஆஃப்டர்’ பெட்டியில் 30 வினாடி குறியுங்கள். பட்டை கரைந்து தீரும்போது ஸ்லைடு தானே நகரும். மூன்றில் இரண்டு பேருக்கு இதுவே போதும்.

இறங்குமுகமாக எண்ணே தெரிய வேண்டுமென்றால் டைமர் ஃபங்ஷனைப் படித்துக்கொண்டே, டூஈவென்ட்ஸ் (இடையில் க்ளிக் போன்றவற்றைக் கவனிக்க விடும் கட்டளை) கொடுத்தபடி சுற்றும் லூப் ஒன்று எழுத வேண்டும். இதில்தான் ஃபைல்கள் தடுமாறுகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லூப் ஓடும்போது ஒருவர் விடைப் பட்டனைத் தட்டினால், லூப் நடுவில் நிற்க, பட்டனின் மேக்ரோ அதன் மேல் ஏறி ஓடும். அந்த மேக்ரோ அடுத்த கேள்விக்குப் போய்ப் புதிய லூப்பைத் தொடங்கினால், பழைய லூப் முடியாமலே கீழே கிடக்கும். பத்தாவது கேள்வியில் பத்து லூப்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஷோ முடிந்ததும் அவை வரிசையாக விழித்துக்கொண்டு, இல்லாத ஸ்லைடில் எழுதப் பார்க்கும்.

தீர்வு: லூப் ஒன்றே ஒன்று, அதைத் தொடங்கு பட்டன் மட்டுமே ஓட்டும். கேள்வி மாறும்போது முடிவு நேரத்தை டேக்கில் எழுதினால் போதும். லூப் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் படித்துக் கழித்துக் காட்டட்டும். சுற்றின் முதல் வேலையாக ஸ்லைடுஷோவிண்டோஸின் எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்த்து, பூஜ்யம் என்றால் வெளியேற வேண்டும். எஸ்கேப் அழுத்திய பிறகு வரும் பிழைக்கு இந்தச் சோதனை இல்லாததே காரணம். எண் மாறும்போது மட்டும் எழுத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மாற்றினால் திரை மினுங்கும். டைமர் நள்ளிரவிலிருந்து வினாடிகளை எண்ணுகிறது, நள்ளிரவில் மறுபடி பூஜ்யமாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விண்டோஸின் செட்டைமர் ஏபிஐயைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 64-பிட் ஆஃபீஸில் பிடிஆர்சேஃப், லாங்பிடிஆர் சேர்த்து அறிவிக்க வேண்டும். டைமர் உயிரோடிருக்கும்போது நிரல் பிழையில் நின்றால் பவர்பாயின்டே மூடிப்போகும். மேடையில் ஓடப்போகும் ஃபைலில் நான் இதைச் சேர்ப்பதில்லை.

10. திரை மினுக்கமும் காத்திருப்பும்

பல ஃபைல்களைத் திறந்து மாற்றும் வேலை என்றால், பிரசன்டேஷன்ஸ் ஓப்பனில் வித்விண்டோ ஆர்க்யூமென்டுக்கு எம்எஸ்ஓஃபால்ஸ் கொடுங்கள். விண்டோ இல்லாமல் திறக்கும், மினுக்கம் இருக்காது, வேகமும் கூடும். அப்படித் திறந்ததை ஆக்டிவ்பிரசன்டேஷன் என்று அழைக்க முடியாது. ஓப்பன் திருப்பித்தரும் ஆப்ஜெக்டைப் பிடித்துவைத்து, முடிவில் மறக்காமல் க்ளோஸ் செய்யுங்கள். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாமல் திறந்தே கிடக்கும்.

எக்செலிலிருந்து நகலெடுத்து ஒட்டும் மேக்ரோ ஒருமுறை ஓடி ஒருமுறை முறிவது கிளிப்போர்டு தயாராகும் முன்பே ஒட்ட முயல்வதால். ஒட்டும் வரியைச் சில முறை முயன்று பார்க்கும் சிறு லூப்பில் வைத்து, இடையில் டூஈவென்ட்ஸ் கொடுங்கள். அதே ஃபைலுக்குள் என்றால் நகலெடுத்து ஒட்டவே வேண்டாம், டூப்ளிகேட் இருக்கிறது. எக்ஸிக்யூட்எம்எஸ்ஓ மூலம் ரிப்பன் கட்டளையை அழைத்தால் அது உடனே நடந்து முடிந்துவிடாது. அடுத்த வரி அதன் பலனை நம்பி இருந்தால் அங்கேயும் காத்திருப்பு தேவை.

11. எடிட்டரில் தமிழ் கேள்விக்குறியாக மாறும்போது

வி.பி.ஏ. எடிட்டர் யூனிகோடை (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையை) ஏற்பதில்லை. மேற்கோள்குறிக்குள் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளாகிவிடும். செய்தி காட்டும் எம்எஸ்ஜிபாக்ஸும் பதில் வாங்கும் இன்புட்பாக்ஸும் தமிழைக் காட்டாது, வாங்காது.

சிறிய சொல்லுக்கு, எண்ணை எழுத்தாக்கும் சிஎச்ஆர்டபிள்யூ ஃபங்ஷன் போதும். ‘சரி’ என்று காட்ட 2970, 2992, 3007 என்ற மூன்று எண்களைக் கோக்க வேண்டும்: ச, ர, பிறகு இகரக் குறி. கண்ணுக்கு இரண்டு எழுத்து. எழுத்தெண்ணும் லென் ஃபங்ஷனைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். எழுத்தெண்ணிக்கையை வைத்து விடையைச் சோதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாக்கியங்களுக்கு இந்த முறை தாங்காது. ஃபைலின் கடைசியில் ஒரு ஸ்லைடை மறைத்துவைத்து, அதில் பெட்டிக்கு ஒரு வாக்கியமாகத் தமிழில் தட்டச்சிட்டு, பெட்டிகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள். மேக்ரோ அந்தப் பெட்டியின் எழுத்தைப் படித்து வேண்டிய இடத்தில் போடட்டும். ஸ்லைடுக்கு ஸ்லைடு போகும்போது யூனிகோடு சிதைவதில்லை. பிழை திருத்தவும் எளிது: நிரலைத் திறக்காமலே யார் வேண்டுமானாலும் வாக்கியத்தை மாற்றலாம். செய்தி காட்ட எம்எஸ்ஜிபாக்ஸுக்குப் பதிலாக ஸ்லைடிலேயே ஒரு ஷேப்பைத் தெரியவைத்து மறைக்கலாம். பெயர் கேட்டு வாங்க, யூசர்ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸ் தமிழை ஏற்கும்.

ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் டிர், ஓப்பன் கட்டளைகள் தடுமாறும். ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டைப் பயன்படுத்துங்கள்.

12. கொடுப்பதற்கு முன் சோதிக்கும் வரிசை

முதலில் ஷோவை இரண்டு முறை தொடர்ந்து ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் தெரியாத துடைப்புப் பிழை இரண்டாவதில் தெரியும். அடுத்து ஐந்தாவது கேள்வியில் எஸ்கேப் அழுத்தி, மறுபடி தொடங்குங்கள். பிறகு ஒரு பட்டனை வேகமாக மூன்று முறை தட்டிப் பாருங்கள். பக்கத்தில் வேறொரு பிரசன்டேஷனைத் திறந்துவைத்து ஓட்டுங்கள். கேள்விகளின் வரிசையை மாற்றி ஓட்டுங்கள்.

வேறு ஃபைலுக்கு ஸ்லைடுகளை நகலெடுத்தால் பட்டனில் மேக்ரோவின் பெயர் மட்டும் போகும், நிரல் போகாது. க்ளிக் செய்தால் எதுவும் நடக்காது. ஃபைலை முழுதாகக் கொடுங்கள், அல்லது மாட்யூலை எக்ஸ்போர்ட் செய்து கூடவே அனுப்புங்கள். ஆட்இன் ஆக்கியிருந்தால் மூல பிபிடிஎம் ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். திருத்தம் எல்லாம் அதில்தான் செய்ய வேண்டும். ஆட்இன்னின் மேக்ரோக்கள் ஆல்ட் + எஃப்8 பட்டியலிலும் வராது என்பதால் ரிப்பனில் ஒரு பட்டன் வைத்துக் கொடுங்கள்.

கடைசியாக, ஷோ நடக்கப்போகும் அதே கணினியில் ஃபைலை மின்னஞ்சல் வழியாக இறக்கித் திறந்து, தொடங்கு பட்டனை அழுத்திப் பாருங்கள். ஸ்கோர் பூஜ்யமாகி முதல் கேள்வி வராவிட்டால், நிரலைத் தொடாதீர்கள்; முதல் படியில் சொன்ன அன்பிளாக் பெட்டியைத் திறந்து பாருங்கள்.